மொட்டையோடு போன நோய்

திருப்பதியில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில், பல் டாக்டரின் அறைக்கு வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பல்லில் ஒரு கோளாறும் கிடையாது. எங்கள் அறை அதைத் தாண்டி, வராந்தாவின் கோடியில் இருந்தது. வாசலில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் கொட்டை எழுத்தில் பால்வினை நோய்ப் பிரிவு என்று பலகை. அந்தப் பலகைக்கு அடியில் உட்கார யாருக்கு மனசு வரும்? எல்லோரும் பல் டாக்டரின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நான் வெளியே தலையை நீட்டினால் ஒவ்வொருவராக எழுந்து, யாரையோ தேடுகிறவர் மாதிரி அங்குமிங்கும் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே நுழைவார்கள். பல் டாக்டர் தங்கமான மனிதர். ஒரு நாள் மட்டும் தாங்க முடியாமல் என்னிடம் வந்து, "உங்க ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு பெஞ்ச் கேளுங்கம்மா. நிஜப் பல்வலிக்காரன் யாருன்னு நான் கண்டுபிடிக்கிறதுக்குள்ள மத்தியானம் ஆயிடுது" என்றார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான். எங்கள் குடும்பம் சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தது. நைனா பள்ளிக்கூட வாத்தியார். மகள் நர்ஸ் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. எந்தப் பிரிவில் நர்ஸ் என்று யாராவது கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சபைப் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு, "உங்க பொண்ணு இப்ப எந்த வார்டு?" என்று கேட்பார்கள். "தோலு" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். அதன் பலனாக, நான் லீவில் வருகிற நாளெல்லாம் சபையில் படை, சொறி, சேற்றுப்புண் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டு வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். களிம்பு கொடுத்துக் கொடுத்தே என் லீவு கழிந்தது.

அம்மா தனியாக என்னைப் பிடித்துக்கொண்டு புலம்புவாள். "கண்ணு டிபார்ட்மெண்ட் கேட்டு வாங்கக் கூடாதாடி?" எனக்கு அந்த அறை பிடித்துப்போனது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உண்மையிலேயே பிடித்திருந்தது. மற்ற வார்டுகளில் வியாதி மட்டும்தான் வரும். எங்கள் அறைக்குக் கூடவே ஒரு கதையும் வரும்.

கதை என்றால் அப்படியொரு கதை. வந்தவர்களில் ஒருவருக்குக் கூட அது இன்னொரு ஆளிடமிருந்து தொற்றியது கிடையாது. எல்லாம் சூடுதான். பஸ்ஸில் என்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து வந்ததில் சூடு. வெயிலில் காய்ந்த பாறை மேல் ஒன்றுக்குப் போனதில் சூடு. ஏர்பேட்டுப் பக்கத்து ஆசாமி ஒருவர், பச்சை மிளகாய் மூட்டை மேல் படுத்துத் தூங்கியதில் வந்தது என்று சத்தியம் செய்தார். ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது, சீழ் வடிகிறது என்றால் மோரும் தர்ப்பூசணியும் இளநீரும் ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அந்த மூட்டைக்குப் பேர் என்ன, எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் பதில் வந்தது.

எங்கள் டாக்டர் தெலுங்குக்காரர். நோயைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. குரலைத் தணித்துப் பேசுவது ஒன்றுதான் தெரியாது. அவரிடம் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது, இந்த நோய்களின் கள்ளத்தனம். மற்ற வியாதிகள் நாள் ஆக ஆக வலிக்கும். இவை அடங்கிவிடும். வெட்டை என்று ஊரில் சொல்கிறார்களே, அதில் எரிச்சலும் சீழும் சில வாரத்தில் தானாகக் குறைந்துவிடும். ஆள் குணமாகிவிட்டோம் என்று மீசையை முறுக்குவான். அவனிடமிருந்து தொற்றிய மனைவிக்கோ ஒன்றுமே தெரிந்திருக்காது. உள்ளே கருக்குழாய் அடைத்து, நான்கைந்து வருஷம் கழித்து மலடி என்ற பட்டம் மட்டும் வந்து சேரும். கிரந்தி, டாக்டர் பாஷையில் சிபிலிஸ், அதைவிடக் கள்ளன். முதலில் வலியே இல்லாத ஒரு புண். அது ஆறிவிடும். பிறகு உடம்பில் தடிப்பு, உள்ளங்கையில் செம்புள்ளி, வாயில் புண். அதுவும் மறைந்துவிடும். மறைந்த பிறகு ரத்தத்தில் வருஷக்கணக்கில் பேசாமல் கிடந்து, இருதயத்துக்கோ மூளைக்கோ போகும். பெண்ணுக்கு என்றால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் போகும்.

இந்தத் தானாக மறைகிற குணத்தை வைத்து எத்தனை பேர் பிழைத்தார்கள் என்கிறீர்கள்! பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் சுவரெல்லாம் அவர்களுடைய நோட்டீஸ்தான். லாட்ஜில் ரூம் போட்டுக்கொண்டு, கலர் தண்ணீரும் உருண்டையும் கொடுப்பார்கள். நோய் எப்படியும் ஒரு மாதத்தில் மேலுக்கு மறையத்தான் போகிறது. உருண்டைக்கு நல்ல பெயர்.

இந்தக் கள்ளத்தனத்தோடு நான் நேருக்கு நேர் மல்லுக்கு நின்றது, கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி விஷயத்தில்தான்.

கர்ப்பிணிகளைப் பார்க்கிற பிரிவில் ரத்தம் சோதித்து, கிரந்தி இருக்கிறவர்களை எங்களிடம் அனுப்புவார்கள். அந்தப் பெண்கள் மட்டும் பல்வலி என்று நடிக்க மாட்டார்கள். எதற்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றே பாவம் அவர்களுக்குத் தெரியாது. இவளும் அப்படித்தான் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். ஐந்து மாத வயிறு. நம்ம பக்கத்துத் தமிழ் பேசினாள். பின்னாலேயே தோளில் துண்டோடு புருஷன், நல்ல வாட்டசாட்டமான ஆள். கிணறு வெட்டுகிற கூட்டத்தில் வேலை என்றார்.

"இது எத்தனாவது குழந்தைம்மா?" என்று கேட்டேன்.

"மூணாவது சிஸ்டர்."

"மத்த ரெண்டும் எங்க, வீட்டுலயா?"

"ஒண்ணு ஏழாம் மாசம் செத்துப் பொறந்துது. இன்னொண்ணு ரெண்டு நாளு இருந்துச்சி." மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம் மாமியாரு சொல்லுது, இது புள்ளைய துன்ற வயிறாம்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கிண்ணத்தை ணங்கென்று வைத்தேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். ரத்தத்தில் நோய் இருக்கிறது, இரண்டு பேருக்கும் இருக்கும், வாரம் ஒரு தடவை வீதம் மூன்று வாரம் ஊசி போட்டுக்கொண்டால் இந்தப் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம், விட்டால் பழைய கதைதான் என்றார். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

புருஷன் சிரித்தார். "அது எனக்கு வந்துது சார். போயி மூணு வருசம் ஆவுது."

நடந்தது இதுதான். கல்யாணம் ஆன புதிதில் கிணறு வெட்ட அனந்தபூர் பக்கம் போய்ச் சில மாதம் தங்கியிருக்கிறார். அங்கே எங்கேயோ போய் வந்திருக்கிறார். ஊர் திரும்பியதும் உள்ளங்கையில் புள்ளி புள்ளியாக வந்தது. வாயில் புண். தலைமுடி அங்கங்கே கொத்துக் கொத்தாக விழுந்து, பூச்சி அரித்த கம்பளி மாதிரி ஆகிவிட்டது. வெளியே தலைகாட்ட முடியவில்லை. பெருமாளே, இது போய்விட்டால் உனக்கு முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு மலை ஏறி மொட்டை போட்டுக்கொண்டார். கோயில் குளமான கோனேரியில் முழுகி எழுந்தார். அடுத்த மாதமே கைப் புள்ளி மறைந்தது. வாய்ப்புண் ஆறியது. முளைத்த முடி முழுசாக முளைத்தது.

"பாருங்க" என்று தலையைக் குனிந்து காட்டினார். காடு மாதிரி முடி.

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். திருப்பதியில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். எதிரே வருகிற பத்துப் பேரில் நாலு பேர் மொட்டை. நோய் தலையில் எழுதிக் காட்டிய அடையாளத்தை மனிதர் சுத்தமாக மழித்துவிட்டு, சந்தனத்தையும் பூசிக்கொண்டு எல்லோர் நடுவிலும் நடந்து போயிருக்கிறார். அந்தச் சமயத்தில் எந்த டாக்டர் பார்த்திருந்தாலும் பக்திமான் என்றுதான் நினைத்திருப்பார்.

"அது தானா மறையற நோய்ப்பா. முடி தானா முளைக்கும். உள்ள அப்படியேதான் இருக்கும்" என்றேன்.

"அப்ப பெருமாளு ஒண்ணியும் செய்யலைன்றீங்களா?"

 நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர், "நுவ்வு டாக்டரா, நேனு டாக்டரா?" என்று மேஜையைத் தட்டினார். பல் டாக்டரின் பெஞ்ச் வரைக்கும் கேட்டிருக்கும். அதற்கெல்லாம் அசைகிற ஆளா புருஷன்? பிடித்த பிடியில் நின்றார். சாமி குணமாக்கிய உடம்புக்கு மறுபடி மருந்து போட்டால் சாமியை நம்பவில்லை என்று ஆகும். கொடுத்ததைப் பெருமாள் திருப்பி எடுத்துக்கொள்வார். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆபத்து. அவருடைய கணக்கு இதுதான். அந்தப் பிள்ளைக்காகத்தான் நாங்கள் ஊசி போடச் சொன்னோம். அதே பிள்ளைக்காகத்தான் அவர் மாட்டேன் என்றார். நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தவும், என் கழுத்துச் செயினில் தொங்கிய சிலுவையைப் பார்த்து, "நீங்க வேதக்காரங்க. எங்க சாமியப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டுவிட்டார்.

எனக்குப் பெருமாளோடு எந்தச் சண்டையும் இல்லை. அவருடைய ஊரில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள்தான் நான். ஆனால் அந்த நிமிஷம் நான் எது சொன்னாலும் அது வேதக்காரியின் பேச்சாகத்தான் இருக்கும் என்று புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

அப்போது அவள் எழுந்தாள். "எனக்குப் போடுங்க சிஸ்டர்."

"ஏ, இன்னாடி..."

"வேண்டிக்கினது நீ. மொட்டை போட்டுக்கினதும் நீ. நான் எதையும் வேண்டிக்கல" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

அந்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் மாதிரி கெட்டியான மருந்து. பெரிய ஊசி. இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் போட வேண்டும். போட்டுக்கொண்டு நேராக நடந்து வெளியே போனவர்களை நான் பார்த்ததில்லை. இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டே, "பிரசவமே தேவலாம் போலக்கீது" என்று சிரித்தாள். ராத்திரி காய்ச்சல் வரலாம், உள்ளே கிருமி சாகிறதால் வருவது, பயப்பட வேண்டாம், மாத்திரை போட்டுக்கொண்டு தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல் என்று டாக்டர் புருஷனிடம் சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் அதே கிழமை வர வேண்டும் என்று நான் மூன்று முறை சொன்னேன்.

அவர்கள் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு கன்னத்தையும் நான் எட்டி எட்டிப் பார்த்தது பல் டாக்டருக்கே வேடிக்கையாக இருந்தது. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ ஒருத்தி, எத்தனையோ பேரில் ஒருத்தி என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. துன்ற வயிறு என்று அவள் சொன்ன குரல் காதிலேயே நின்றது. மாதம் போனால் பிள்ளை போய்விடும் என்ற பயம்.

வாரக் கடைசியில் லீவு போட்டுச் சித்தூருக்குக் கிளம்பினேன். நேர்வழி சந்திரகிரிப் பக்கம். நான் புத்தூர் பஸ்ஸில் ஏறி, அங்கே மாறி, கார்வேட்டிநகரம் வழியாகப் போனேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. போகிற வழிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாராவது நம்புவார்களா?

ஊருக்குள் எப்படி நுழைவது என்பதுதான் பெரிய யோசனை. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் தேடிக்கொண்டு வந்தாள் என்று தெரிந்தால் போதும், ஆளுக்கொரு பெயர் வைத்துவிடுவார்கள். அதனால் சாதாரணச் சேலை, கையில் ஒரு பை. யாராவது கேட்டால் புளி வாங்க வந்தேன் என்று சொல்வது. முதல் தெருவில் கேட்டார்கள், சொன்னேன். அவ்வளவுதான். நான் அந்தத் தெருவைத் தாண்டுவதற்குள் மூன்று வீட்டிலிருந்து புளி வந்துவிட்டது. பழம் புளி, புதுப் புளி, கொட்டை எடுத்தது, எடுக்காதது. பை நிறைந்து, முந்தானையிலும் கட்டிக்கொண்டேன். புளி விற்ற அம்மாவிடமே பேச்சோடு பேச்சாக விசாரித்ததில், கிணறு வெட்டுகிறவர்கள் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தது.

அவள் அங்கேதான் இருந்தாள். வெட்டிக்கொண்டிருந்த கிணற்றுக்குத் தூரத்தில் ஒரு புங்க மரத்தடியில், களிச்சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னையும் என் புளி மூட்டையையும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. வயிறு அப்படியே இருந்தது.

"ஏம்மா வரல?"

"அன்னிக்கு ராத்திரி ஜொரம் தூக்கிப் போட்டுது சிஸ்டர். வரும்னு நீங்க சொன்னத நான் சொன்னேன். யாரு கேட்டாங்க? பெருமாளுக்குக் கோவம் வந்துட்டுதாம். அவரும் சொல்றாரு, எம் மாமியாரும் சொல்லுது. பஸ்ஸு ஏற உடல."

அதற்குள் கிணற்றுப் பக்கம் ஒருவர் கையை ஆட்டிக் கத்தினார். மேலே இருந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்து மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். பாறையில் துளை போட்டுத் தோட்டா வைத்துத் திரியைக் கொளுத்தியிருக்கிறார்கள். கடைசியாக மேலே ஏறி ஓடி வந்தவர் அவள் புருஷன்தான். என்னைப் பார்த்ததும் முகம் கறுத்தது. ஆனாலும் பெண்டாட்டி பக்கத்தில் வந்து குந்தினார். வெடிக்கப் போகிற நேரத்தில் வேறெங்கே போவது?

வெடித்தது. பூமி அதிர்ந்து, கல்லும் புழுதியும் மேலே கிளம்பின. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் உதடு அசைந்தது. கடைசிச் சத்தம் அடங்கி, புழுதியும் படிந்துவிட்டது. ஒருவரும் நகரவில்லை. தூரத்து மரத்தடியில் இருந்தவர்கள் பீடி பற்ற வைத்தார்கள்.

எனக்குப் பொறுமை கிடையாது. "அதான் முடிஞ்சிடுச்சே, இறங்கல?" என்று கேட்டேன்.

அவருக்கு என் மேல் இருந்த கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாமா நீங்க! வெச்சது ஆறு. கேட்டது அஞ்சு. ஒண்ணு சத்தம் போடாம உள்ளயே கீது. வெடிச்சது ஒண்ணியும் செய்யாது. சத்தம் வராத தோட்டாதான் ஆள அடிக்கும். போன வருசம் ஒருத்தன் அப்படித்தான், எல்லாம் அடங்கிப்போச்சின்னு எறங்கினான். கடப்பாறை பட்டுது. ஆளே இல்ல."

நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். களிச்சட்டியின் மேல் மூடியிருந்த துணியைச் சரிசெய்தபடி, புருஷனைப் பார்க்காமல் பேசினாள்.

"உன் ஒடம்புல சத்தம் நின்னு மூணு வருசம் ஆவுது. எல்லாம் அடங்கிப்போச்சின்னு சொல்லிக்கினே கீற. ரெண்டு வாட்டி எனக்குள்ளதான் வெடிச்சிது."

 அவர் கிணற்றைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். மறுபடி கிணற்றைப் பார்த்தார்.  இத்தனை படிப்பும் டாக்டரின் மேஜைத் தட்டலும் செய்யாததை அவள் ஒரு மூச்சில் செய்துவிட்டாள் என்று பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது என்றால் பொய் இல்லை.

"அப்ப பெருமாளு?" என்றார் கடைசியில். சின்னப்பையன் குரல்.

"மொட்டை போடச் சொன்னாரு, போட்ட. ஊசி போட்டுக்காதேன்னு எப்ப சொன்னாரு? உங்கிட்ட வந்து காதுல சொன்னாரா?"

அவர் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். களியை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். நான் புளியைத் தூக்கிக்கொண்டு சித்தூர் பஸ் பிடித்தேன். அத்தனை புளியையும் பார்த்து அம்மா மயங்கி விழாத குறை.

திங்கட்கிழமை காலை இருவரும் வந்தார்கள். அவள் நேராக எங்கள் பலகைக்கு அடியில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவர் பல் டாக்டரின் பெஞ்சில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. விட்டுப்போன வாரத்துக்காக டாக்டர் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்துவிட்டு, அவளுக்கும் முதலிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்றார். அவள் முகம் சுண்டியது. புருஷன் அதைப் பார்த்தார். "முன்ன எனக்குப் போடுங்க" என்று திரைக்குப் பின்னால் போனார். தோட்டாவுக்குத் திரி கொளுத்துகிற மனுஷன், ஊசி முனையைப் பார்த்ததுமே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "கோவிந்தா, கோவிந்தா" என்று அறையே அதிரக் கத்தினார். முடிந்ததும் அவரைப் பிடித்து உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மூன்று வாரமும் தவறாமல் வந்தார்கள். கடைசி ஊசி அன்று புருஷன் வெளியே டீ குடிக்கப் போயிருந்தார். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, போகாமல் நின்றாள்.

"அந்த ரெண்டும் இதனாலதானா சிஸ்டர்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்ததும் உண்டு. "ஆமாம்மா" என்றேன். "உன் வயித்துல ஒரு குறையும் இல்ல. என்னிக்கும் இருந்ததில்ல."

அவள் அழுதாள். பிள்ளைகள் செத்துப்போனதைக் கத்தரிக்காய் விலை மாதிரி சொன்னவள், அவ்வளவு நாளும் சேர்த்து வைத்த மாதிரி அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத எம் மாமியாருகிட்ட நீங்க சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். இந்த அறையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, அது எங்களுக்குச் சட்டம். சொல்வதென்றால் அவர்கள் இரண்டு பேரில் ஒருவர்தான் சொல்ல வேண்டும். "அவரு சொல்ல மாட்டாரு" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எந்த ஆம்பிளை சொல்லுவான்? புருஷன் செய்ததற்குப் பெண்டாட்டி பேச்சு வாங்குகிறதை அந்த அறையில் நான் அலுக்க அலுக்கப் பார்த்தாகிவிட்டது.

மாதம் நிறைந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. செய்தி கேட்டதும் ஓடினேன். பிரசவ வார்டின் கதவைத் திறப்பதற்கு முன்பே அழுகைச் சத்தம் கேட்டது, ஆனால் அது பக்கத்துக் கட்டில் குழந்தை. இவளுடையது வாயை ஒரு மாதிரி கோணிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் டாக்டர் தன் பிரிவை விட்டு அங்கே வந்து, குழந்தையின் உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு, வயிறு எல்லாம் தடவிப் பார்த்தார். ரத்தம் சோதிக்க அனுப்பினார். இரண்டு நாளைக்கு அப்புறம் முடிவு வந்தது. அந்த மனிதர் தாழ்ந்த குரலில் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "பாகுந்தி" என்றார். நன்றாக இருக்கிறது.

அதைச் சொல்லத்தான் அன்று சாயங்காலம் வார்டுக்குப் போனேன். பார்க்க வருகிறவர்கள் நேரம். கட்டிலுக்குக் கட்டில் சொந்தக்காரர்கள். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓரமாகப் புருஷன். கட்டில் தலைமாட்டில் மாமியார் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த கஞ்சியை ஆற்றியபடி, அடுத்த கட்டில்காரர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. பேத்தி வந்த சந்தோஷம் முகமெல்லாம் வழிந்தது.

"ரெண்டு புள்ளைங்கள வாரிக் குடுத்தோம்மா. இந்த வாட்டியாச்சும் இவ ஒழுங்கா பெத்து எடுத்தாளே" என்றார்.

நான் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இவள் தலையைக் குனிந்தபடி குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றார் புருஷன். ஜன்னலை விட்டு வந்தார். "அவ எப்பவும் ஒழுங்காத்தான் பெத்தா. நாந்தான் வெளியூரு போயி சீக்கு வாங்கினு வந்தேன். அத இவளுக்குக் குடுத்தேன். அந்த ரெண்டையும் கொன்னது நானு."

கிணற்று மேட்டில் கத்துகிற தொண்டை அது. வார்டு முழுக்கக் கேட்டது. அடுத்த கட்டில், அதற்கு அடுத்த கட்டில் எல்லாம் பேச்சு நின்றது. மாமியார் கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். புருஷன் நடுவில் நின்றுகொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், பெண்டாட்டியையே பார்த்தார்.

அவள் நிமிரவில்லை. குழந்தையின் தலையைக் கையால் கொஞ்சம் தாங்கிக்கொண்டாள்.

"மெள்ளப் பேசு" என்றாள். "இப்பதான் பால் புடிச்சிக் குடிக்குது."